கட்டின் நடுவில் இருக்கும் புத்தகம்

சங்கரன்கோவில்
8-6-1981

அன்பு மகள் வள்ளித்தாய்க்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். உன் சுகத்துக்கு எழுது.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது எழுதி நீ தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

நேற்று பூ மார்க்கெட்டில் எடை போட்டு முடித்ததும் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பீர் மைதீன் புத்தகக் கடைக்கு இந்த மாதச் சுழல் காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வந்து இறங்கியிருந்தது. நீ சென்னைக்கு வேலைக்குப் போனதிலிருந்து உனக்காக வாங்குவது என் பொறுப்பாயிற்றே, நீ சொல்லிக்கொடுத்ததை ஒன்றுவிடாமல் செய்தேன். சரட்டில் மடித்துத் தொங்கவிட்டதைத் தொடவில்லை, அதற்கு நடுவில் மடிப்பு விழுந்திருக்கும். கட்டின் மேல் புத்தகம் வேண்டாம், அடிப் புத்தகமும் வேண்டாம், சணல் கயிறு அட்டையைக் கடித்திருக்கும். நடுவிலிருந்து ஒன்றை உருவச் சொல்லி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதுகு நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த நேரம் பார்த்துத்தானா நம் கடை முதலாளி சண்முகையா அண்ணாச்சி திருநெல்வேலி பஸ்ஸுக்கு வர வேண்டும்?

"என்ன வே ராமசுப்பு, பொம்மைப் புஸ்தகமா? எழுத்துக்கூட்டி வாசிக்க இப்பத்தான் படிக்கீரோ?" என்றார்.

பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று சொல்லி வைத்தேன். நம் பக்கத்து வீட்டில் பிள்ளையே கிடையாது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு பஸ் ஏறிவிட்டார். பீர் மைதீன் விடவில்லை. பொண்ணு பார்க்கப் போகிறவன்கூட இத்தனை உற்றுப் பார்க்க மாட்டான் என்று, நின்றிருந்த பள்ளிக்கூடப் பையன்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

வழக்கம்போல இரண்டு பிரதி வாங்கிவிட்டேன். வைக்க ஒன்று, வாசிக்க ஒன்று. பூவுக்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து என் கைதான் எப்போதும் ஈரமாயிற்றே. துண்டில் துடைத்து, வேட்டியில் துடைத்து, ஊதிக் காயவைத்து, அப்புறம்தான் கையில் வாங்கினேன். வீட்டுக்குள் நான் அதை ஏந்திக்கொண்டு வந்த அழகைப் பார்த்துவிட்டு உன் அம்மா, நீ பிறந்தபோதுகூட நான் உன்னை இவ்வளவு பதனமாகத் தூக்கவில்லை என்கிறாள்.

வாசிக்கிற பிரதியை நான்தான் வாசிக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். கேப்டன் பைரவன் நீர்மூழ்கிக் கப்பலோடு கடலடிப் பாறையில் மாட்டிக்கொண்டார். மேலே வருவாரா மாட்டாரா என்பது அடுத்த மாதம்தானாம். காசு கொடுத்து வாங்குகிறவனை இப்படிப் பாதியில் விடலாமா?

இன்னொரு விஷயம். வாசுதேவநல்லூரில் ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் பெயர் குருசாமி, கூட்டுறவு வங்கியில் வேலை. தகப்பன் இல்லை, தாய்மாமா பொன்னுச்சாமிதான் எல்லாம். உன் போட்டோவைப் பார்த்துப் பிடித்துப்போய், மாமாவும் அவர் மனைவி தங்கத்தாயும் வருகிற இருபத்தொன்றாம் தேதி வீடு பார்க்க வருகிறார்கள். தீபாவளி லீவுக்கு நீ வரும்போது பையன் நேரில் பார்ப்பான். உன் மனசைத் தெரிந்துகொள்ளாமல் நான் சரி என்று சொல்ல மாட்டேன். உடனே எழுது.

அன்புள்ள அப்பா,
ராமசுப்பு

*

சென்னை
13-6-1981

அன்புள்ள அப்பாவுக்கு வள்ளி எழுதுவது.

உங்கள் கடிதத்தை விடுதியில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். "பக்கத்து வீட்டுப் பிள்ளை" என்று இங்கே எல்லோரும் என்னைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

புத்தகங்களைப் பற்றிச் சில விஷயங்கள். பிளாஸ்டிக் உறை போட வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு உள்ளே வியர்க்கும். பட்டர் பேப்பர்தான் சரி, அதுவும் மிட்டாய்க் கடையில் புதிதாக வாங்கியது. பூச்சிக்கு வேப்பிலை வைக்கிறேன் என்று அம்மா சொல்வாள், விடாதீர்கள், இலைக்கறை ஏறும். பீரோவின் கீழ்த்தட்டில் படுக்க வைக்க வேண்டும், நிறுத்தி வைத்தால் முதுகு வளையும். பேரோ நம்பரோ எதுவும் எழுதக் கூடாது.

இங்கே பழைய புத்தகக் கடையில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். நாற்பது வருடமாகச் சேர்ப்பவர். சுழல் காமிக்ஸ் முதல் புத்தகத்திலிருந்து இன்று வரை ஒரு மடிப்பு, ஒரு கறை இல்லாமல் என்னிடம் இருக்கிறது என்றதும் சிரித்துவிட்டார். சென்னையிலேயே அப்படி யாரிடமும் கிடையாது, சங்கரன்கோவிலில் எப்படி இருக்கும் என்றார். நவம்பரில் குற்றாலம் போகும் வழியில் நம் வீட்டுக்கு வந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு இப்போதே தரையில் கால் பாவவில்லை.

வாசுதேவநல்லூர்க்காரர்கள் வரட்டும் அப்பா. எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன்னால் ராஜபாளையத்திலிருந்து வந்தவர்கள் அந்தக் கீழ்த்தட்டைப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு இன்னும் விளையாட்டுப் புத்தி போகலையோ" என்று சிரித்தார்கள். எல்லோரும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன்.

இந்தத் தடவை அவர்கள் வந்து உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள், இது என்னுடையது, போகிற வீட்டுக்கும் கூட வரும் என்று. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாள் முழுக்க இரண்டு பேர் பேச்சை இணைத்துவிட்டு நான் காதை விலக்கிக்கொள்ள வேண்டும். எனக்கென்று நானே உண்டாக்கியது அந்த ஒரு தட்டுதான். அதை ஒளித்து வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் வாழ என்னால் முடியாது. சிரிப்பார்கள் என்றால் இப்போதே சிரித்துவிட்டுப் போகட்டும்.

உங்கள் மகள்,
வள்ளித்தாய்

*

சங்கரன்கோவில்
23-6-1981

அன்பு மகள் வள்ளித்தாய்க்கு,

வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துப்போய்விட்டது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மீதியை நீ நிம்மதியாக வாசிப்பாய்.

நீ எழுதினபடி உட்கார்ந்ததும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அதற்குள் பொன்னுச்சாமி மழையைப் பற்றிக் கேட்டார். மழையை முடிப்பதற்குள் காபி வந்துவிட்டது. காபி குடிக்கும்போது சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் அந்த அம்மாள் தங்கத்தாய் வீட்டைச் சுற்றிப் பார்க்க எழுந்துபோய் நேரே பீரோவைத் திறந்துவிட்டாள். பட்டர் பேப்பருக்குள்ளே துப்பாக்கியும் குதிரையும் தெரிந்தது.

"இதெல்லாம் யாருக்குள்ளது?" என்று கேட்டாள். குரலில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. ராஜபாளையத்துச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்துவிட்டது மக்கா. என்ன நினைத்தேனோ, "எனக்குள்ளதுதான்" என்று சொல்லிவிட்டேன்.

சிரிப்பு உன் பக்கம் வராமல் என் பக்கம் திரும்பிவிட்டது. கிழவன் எனக்கு என்ன, எவன் என்னைப் பெண் பார்க்க வரப்போகிறான்?

ஆனால் பொன்னுச்சாமி லேசுப்பட்ட ஆள் இல்லை. இந்த வயசில் இதையா வாசிக்கிறீர், அப்படி என்னதான் போட்டிருக்கிறான் என்று பிடித்துக்கொண்டார். விழித்தால் மாட்டிக்கொள்வேன் என்று நீர்மூழ்கிக் கப்பல் கதையை எடுத்துவிட்டேன். வெற்றிலைச் செல்லம்தான் கப்பல். காபி டம்ளரெல்லாம் பாறை. மனுஷர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். அப்புறம் என்ன ஆச்சு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த மாதம்தான் தெரியும் என்றதும் அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. உன் அம்மா இன்னொரு சுற்றுக் காபி போட வேண்டியதாகிவிட்டது.

தரகர் நேற்று வந்து சொன்னார். பெண்ணின் அப்பா கொஞ்சம் ஒரு மாதிரி, ஆனால் வெள்ளை மனசு என்று பேசிக்கொண்டார்களாம். தீபாவளிக்கு நீ வரும்போது பையனோடு வருகிறார்கள். எப்படியோ உன் மேல் ஒரு சொல் விழாமல் கெட்ட பேரை நானே வாங்கிக்கொண்டேன். அந்த ஒரு விஷயத்தில் உன் அப்பன் கெட்டிக்காரன்தான்.

அன்புள்ள அப்பா,
ராமசுப்பு

*

சென்னை
29-6-1981

அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. அறையில் கூட இருக்கும் பெண் வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தராசுத் தட்டில் ஒட்டிக்கொண்ட ஒரு பூவைக்கூட நீங்கள் வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை. அம்மா தலையில் வைக்கும் பூவைக்கூட வெளியே வாங்கித்தான் வருவீர்கள். அடுத்தவர் பொருளைத் தொடாத மனிதர், என் பொருளை மட்டும் உங்களுடையது என்று சொல்லிவிட்டீர்கள்.

கெட்ட பேரை நீங்களே வாங்கிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது கெட்ட பேர் என்று முடிவு செய்தது யார் அப்பா? தங்கத்தாய் அம்மாள் இன்னும் சிரிக்கவே இல்லை. அதற்குள் நீங்கள் வெட்கப்பட்டுவிட்டீர்கள்.

சரி, உங்களுடையது என்று சொல்லியாகிவிட்டது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்காக இனிமேல் வாங்க வேண்டாம். தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை.

வள்ளித்தாய்

கப்பல் மேலே வந்ததா என்று எழுத வேண்டாம்.

*

சங்கரன்கோவில்
18-8-1981

அன்பு மகள் வள்ளித்தாய்க்கு,

நான் போட்ட இரண்டு கார்டுக்கும் பதில் இல்லை. அம்மாவுக்கு மட்டும் எழுதுகிறாய். அதை அவள்தான் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். எழுத்து தெரியாத ஆளுக்கு வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக, நடுநடுவே என் முகத்தைப் பார்த்துப் பார்த்து. அதில் என்னைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று நான் எட்டிப் பார்த்தால் மடித்துக்கொள்கிறாள்.

ஆடித்தபசுக்கு இந்த வருஷம் கூட்டம் ஜாஸ்தி. மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து, நிறுத்து நிறுத்துத் தோள்பட்டை இறங்கிவிட்டது. அந்த நெரிசலிலும் ஜூலைப் புத்தகத்தையும் ஆகஸ்ட் புத்தகத்தையும் வாங்கிவிட்டேன். நீ வாங்க வேண்டாம் என்றாய். நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனால் பின்னால் எங்கே போய்த் தேடுவது? கோபம் தீர்ந்த பிறகு புத்தகம் கிடைக்காதே. நடுப் பிரதிதான் எடுத்தேன்.

கப்பலைப் பற்றி நீ எழுத வேண்டாம் என்றதால் எழுதவில்லை. தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது மட்டும் தெரிந்தது.

நான் செய்தது உனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று முதலில் பிடிபடவில்லை. உன் அம்மாதான் சொன்னாள். "பத்து வருசமா அவ ஒத்தையா நின்னு சேத்தா. யாருக்குள்ளதுன்னு ஒருத்தி கேட்ட ஒடனே அவ பேரச் சொல்ல உங்களுக்கு வாய் வரலைல்லா." அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

அப்பா

*

சங்கரன்கோவில்
9-10-1981

அன்பு மகள் வள்ளித்தாய்க்கு,

நீ எழுதாவிட்டாலும் இதை நான் உடனே எழுதியாக வேண்டும். நேற்று முன்தினம் சரஸ்வதி பூசை. இந்த வருஷம் நம் வீட்டுப் பூசையை இந்தத் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

நீ படித்த காலத்தில் உன் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைப்போம். நீ போன பிறகு என் சைக்கிளும் அம்மாவின் அரிவாள்மனையும்தான். இந்தத் தடவை, நம் வீட்டில் கும்பிடத் தகுந்த பொருள் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பீரோவின் கீழ்த்தட்டை அப்படியே எடுத்தேன். புதுப் பாய் விரித்து, அதன்மேல் துவைத்த வேட்டி விரித்து, பட்டர் பேப்பரைப் பிரித்து, முதல் புத்தகத்திலிருந்து வரிசையாகப் பரப்பி வைத்தேன். முன்னறை முழுக்க உன் புத்தகம்தான். நடக்க இடமில்லாமல் உன் அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டு போய் விளக்கேற்றினாள்.

பொரி சுண்டல் வாங்க வந்தவர்கள் எல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். சண்முகையா அண்ணாச்சியும் வந்திருந்தார். இதெல்லாம் யாருக்குள்ளது என்று அவரே கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, மார்க்கெட்டில் எடை சொல்கிற குரலில் சொன்னேன்.

"எம் மக வள்ளித்தாயோடது அண்ணாச்சி. பத்து வருசமாச் சேக்கா. ஒரு மடிப்பு இருந்தா எடுத்துக் காட்டும்."

அண்ணாச்சி குனிந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பார்த்தார். அன்றைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்றீரே என்று கேட்டார். அது பொய் என்று சொல்லிவிட்டேன். எட்டூருக்குக் கேட்டிருக்கும்.

அதன் பிறகு முறைப்படி பொட்டு வைத்தேன். அம்மா கல்லில் அரைத்த நல்ல சந்தனம். ஒவ்வொரு அட்டைக்கும் சரியாக நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். கோணல்மாணல் இல்லாமல், கை நடுங்காமல் வைத்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. முதல் புத்தகத்துக்குக் கொஞ்சம் பெரிய பொட்டாகவே வைத்தேன். கேப்டன் பைரவனுக்கு நெற்றியிலேயே அமைந்துவிட்டது, பார்க்க அத்தனை லட்சணம். நேற்று விஜயதசமிக்கு எடுத்து, நன்றாகக் காய்ந்துவிட்டதா என்று பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, புதுப் பட்டர் பேப்பரில் சுற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

பீர் மைதீனும் பொரி வாங்க வந்திருந்தான். எப்போதும் வாய் ஓயாதவன், புத்தகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான். உடம்புக்குச் சரியில்லையோ என்னவோ.

இனி உன் பொருளை யாரும் என் பொருள் என்று சொல்ல மாட்டார்கள். இதற்காவது பதில் போடு மக்கா.

அப்பா

*

சென்னை
13-10-1981

அப்பா,

துடைக்காதீர்கள். முதலில் அது. தண்ணீர் தொட்டோ, துணி வைத்தோ, ரொட்டித் துண்டு வைத்தோ, எதைக் கொண்டும் துடைக்காதீர்கள். அம்மாவையும் தொட விடாதீர்கள். துடைத்தால் குங்குமம் அட்டை முழுக்கப் பரவும்.

உங்கள் கடிதத்தை எக்ஸ்சேஞ்சில் இடைவேளையில் பிரித்தேன். "எம் மக வள்ளித்தாயோடது" என்ற இடத்துக்கு வந்ததும் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போனேன். அப்புறம் வந்து உட்கார்ந்து, மதுரை கேட்டவருக்கு மைசூர் கொடுத்தேன். மேற்பார்வைப் பெண் என்ன ஆயிற்று என்று கேட்டாள். என்னவென்று சொல்வது?

மடிக்கக் கூடாது என்றேன். எழுதக் கூடாது என்றேன். இலை வைக்கக் கூடாது என்றேன். பொட்டு வைக்கக் கூடாது என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அது என் தப்புதான். நம் வீட்டில் ஒரு பொருளுக்கு வைக்கிற பொட்டை யார் கறை என்று நினைப்பார்கள்?

உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. குறையில்லாத தொகுப்பு என்ற அளவில் அது முடிந்துவிட்டது. நவம்பரில் வருவதாக இருந்த பெரியவரிடம் போய், வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்றார். பூசையில் வைத்துவிட்டார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் அப்பா எல்லாவற்றுக்குமா வைத்தார் என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். விடுதிக்கு வந்து அழுதேன்.

ஆனாலும் அந்த முந்தின பத்தியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டையும் ஒரே கையால் செய்திருக்கிறீர்கள். எதற்கு எப்படிக் கோபப்படுவது, எதற்கு எப்படிச் சந்தோஷப்படுவது என்று பிரித்துக்கொள்ளத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். தெருவில் சொன்னது பெரிய காரியம்தான். ஆனால் தெருவா அப்பா என்னைக் கட்டிக்கொண்டு போகிறது? வாசுதேவநல்லூரில் இன்றைக்கும் அது உங்கள் புத்தகம்தான். அவர்கள் என்னைப் பார்க்க வருவதற்குள் நீங்கள் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். கடிதம் வேண்டாம், தரகரும் வேண்டாம். அது தெரியாமல் அவர்கள் முன்னால் வந்து நிற்க மாட்டேன். வரன் போனால் போகட்டும்.

லீவு கிடைத்துவிட்டது. தீபாவளிக்கு வருகிறேன்.

இந்த மாதப் புத்தகத்தையும் வாங்குங்கள். நடுவிலிருந்து. பொட்டு வேண்டாம்.

உங்கள் மகள்,
வள்ளித்தாய்

*

சங்கரன்கோவில்
20-10-1981

அன்பு மகள் வள்ளித்தாய்க்கு,

உன் கடிதத்தை வாசித்ததும் பீரோவைத் திறந்து முதல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பூசையன்று பார்த்தபோது பொட்டாக இருந்தது, இப்போது கறையாக இருந்தது. சந்தனத்தைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம் ஊறியிருக்கிறது. பெரிய பொட்டு வேறு. மத்தியானம் தட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிட்டேன்.

பீர் மைதீன் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். கட்டின் நடுவிலிருந்து எடுத்துக் கொடுக்கத் தெரிந்தவன், அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "சாமி காரியத்துல நான் போயி எப்பிடி அண்ணாச்சி வாயத் தொறப்பேன்?" என்றான். அவனும் அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லையாம். சண்டை அத்தோடு தீர்ந்தது. இந்த மாதப் புத்தகத்தை அவனே காகிதத்தில் சுற்றி எடுத்து வைத்திருந்தான்.

நேற்று முன்தினம் நானும் உன் அம்மாவும் வாசுதேவநல்லூர் போனோம். பஸ்ஸில் போகும்போதே எப்படி ஆரம்பிப்பது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். ஊர் போய்ச் சேருவதற்குள் அத்தனையும் மறந்துவிட்டது. பொன்னுச்சாமி வாசலுக்கே ஓடி வந்து, "வாரும் வே. அந்தக் கப்பல் மேல வந்துட்டா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போய் உட்கார்ந்தோம். தங்கத்தாய் காபி கொண்டுவந்தாள். பையன் குருசாமியும் வங்கியிலிருந்து வந்து ஓரமாக நின்றான். நல்ல முகம்தான், குறை சொல்வதற்கில்லை.

இந்தத் தடவை மழையைப் பற்றிப் பேச விடவில்லை. "அன்னைக்கு நீங்க பாத்த புஸ்தகம் ஒண்ணுகூட எனக்குள்ளது இல்ல. எம் மகளோடது. நீங்க சிரிச்சிருவீங்களோன்னு பொய் சொன்னேன்," என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் காபியைக் கையில் எடுத்தேன்.

தங்கத்தாய்தான் முதலில் கேட்டாள், சின்ன வயசில் சேர்த்ததா என்று. இல்லை, இந்த மாதமும் வாங்கி வைத்திருக்கிறேன் என்றேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் விட்டுருவாள்லா?"

"விட மாட்டா. கூடக் கொண்டுக்கிட்டு வருவா."

"இது பயலுக வச்சு விளையாடுறதுல்லா. பொம்பளப்பிள்ளைக்கு எதுக்கு?" என்றாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன், பையன் முகத்தைப் பார்த்தேன். அவன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தான். அவளுக்குப் பிரியம், சேர்க்கிறாள், அவ்வளவுதான் என்று சொன்னேன். யோசித்துச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நல்லது என்று கும்பிட்டுவிட்டு எழுந்தோம்.

பொன்னுச்சாமி மட்டும் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தார். கொஞ்ச தூரம் நடந்ததும், எனக்கு ஒன்றும் இல்லை வே, வீட்டில்தான் ஒத்துவராது என்கிறாள் என்று சங்கடப்பட்டார். பிறகு, கப்பல் கதையை முடித்துவிட்டுப் போம் என்றார். ராஜபாளையம் ரோட்டில் நின்றுகொண்டு பஸ் வருகிற வரைக்கும் சொன்னேன். ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில்தான் ஏறினோம். நல்ல மனுஷர்.

ஆக, வங்கி மாப்பிள்ளையைத் தொலைத்துவிட்டு வந்திருக்கிறேன். உன் புத்தகத்தையும் பாழாக்கியாகிவிட்டது. உன் அப்பன் இந்த வருஷம் செய்தது இவ்வளவுதான். நீ தீபாவளிக்கு வந்து பீரோவைத் திறக்கும்போது நான் வீட்டில் இருக்கட்டுமா, மார்க்கெட்டுக்குப் போய்விடட்டுமா என்று மட்டும் முன்கூட்டியே எழுதிவிடு.

பஸ்ஸில் உன் அம்மா என்னோடு பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். நம் ஊர் வந்து இறங்கும்போது, "அவ அப்பிடிக் கேட்டப்போ நல்லா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்று கேட்டாள்.

அன்புள்ள அப்பா,
ராமசுப்பு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போனவன் திரும்பப் பிரித்து இதை எழுதுகிறேன். தங்கத்தாய் 'எதுக்கு' என்று கேட்டபோது ஒன்று என் தொண்டை வரைக்கும் வந்தது. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்துகொண்டு சொல்லக் கூடாத பேச்சு என்று காபியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

"பத்து வருசமா ஒரு பொருள ஒரு மடிப்பு விழாமக் காப்பாத்தத் தெரிஞ்ச பிள்ளம்மா அது. அவளக் குடுக்கதுக்கு உங்க வீட்ல எடம் இருக்கான்னு பாக்கத்தான் இன்னைக்கு நான் வந்தேன்."